புதர் வெட்ட நூறு பேர்! தண்ணீர் ஊற்ற யார்?

வடலூரில் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ந்தேதி மூட்டிய அடுப்பு அது. மூட்டியவர் இராமலிங்க அடிகள். வள்ளலார் என்று சொன்னால் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

150 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அடுப்பு அணையவில்லை! பசி என்று வந்தவர்களுக்கு, என்ன சாதி, என்ன மதம் என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள்.

அடுப்பு மூட்டுவது பெரிய காரியமா? ஒரு தீக்குச்சி போதும். அதை அணையவிடாமல் காத்தார்களே, அதுதான் காரியம்! இன்று ஒருவர் அரிசி மூட்டையை இறக்கினார். நாளை ஒருவர் காய்கறி கொண்டு வந்தார். மறுநாள் ஒருவர் விறகு கொண்டு வந்தார். அடுப்பு எரிகிறது.

ஊருக்குப் பொதுவாக ஒரு தோட்டம் போடுவதும் இதே மாதிரிதான். புதரை வெட்டுவது தீக்குச்சி கிழிக்கிற வேலை. அதற்குப் பிறகுதான் கதையே இருக்கிறது.

இந்த இரண்டாவது வேலையை நம் ஊர்களில் யாரும் நினைப்பதில்லை. அதனால்தான் வெட்டிய புதர் மீண்டும் மீண்டும் புதராகவே ஆகிவிடுகிறது.

ஊருக்கு ஊர் ஒரு மூலை

உங்கள் ஊரில் ஒரு மூலை இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கலாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கலாம்.

ஒரு காலத்தில் பிள்ளைகள் விளையாடிய இடம். இன்று அங்கே வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கும். தெற்கே இதைச் சீமைக் கருவேலம் என்கிறார்கள். கீழே பார்த்தீனியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். நடுவில் பிளாஸ்டிக் பை, உடைந்த பாட்டில். மாலை ஆனால் அந்தப் பக்கம் போகப் பெண்கள் பயப்படுவார்கள். பாம்பு பயம் ஒன்று. மனிதர் பயம் இன்னொன்று.

"இதை வெட்டிச் சுத்தம் செய்து, கத்தரியும் கீரையும் போட்டால் என்ன?" என்று யாராவது ஒருவர் கேட்பார்.

நல்ல கேள்வி! உடனே வாலிபர்கள் கூடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிப்பார்கள். அரிவாள், கடப்பாரை, மண்வெட்டி எல்லாம் வரும். மோர் வரும். படம் பிடிக்க ஆள் வருவார். சாயந்திரத்துக்குள் இடம் பளிச்சென்று ஆகிவிடும்.

எட்டாம் நாள்

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ஆம் ஆண்டு தொடங்கியது. அது காந்தி நூற்றாண்டு. அந்தத் திட்டத்தின்படி கல்லூரி மாணவர்கள் ஒரு கிராமத்துக்குப் போய் 7 நாள் முகாம் போடுகிறார்கள். தெருவைக் கூட்டுகிறார்கள். புதரை வெட்டுகிறார்கள். மரக்கன்று நடுகிறார்கள். கை கொப்பளிக்க வேலை செய்கிறார்கள். தங்கமான பிள்ளைகள்!

ஆனால், எட்டாம் நாள்?

முகாம் முடிந்து பிள்ளைகள் பஸ் ஏறிவிடுகிறார்கள். மரக்கன்று வெயிலில் நிற்கிறது. "யாராவது ஊற்றுவார்கள்" என்று எல்லோரும் நினைக்கிறார்கள். யாரும் ஊற்றுவதில்லை. மழை பெய்கிறது. வெட்டிய அடிக்கட்டையில் பச்சைத் துளிர் எட்டிப் பார்க்கிறது.

குற்றம் அந்தப் பிள்ளைகள்மேல் இல்லை. எட்டாம் நாளுக்கு ஆள் குறிக்காத ஊர்ப் பெரியவர்கள்மேல்தான் குற்றம்.

நம் முன்னோர்களுக்கு இந்த எட்டாம் நாள் நன்றாகத் தெரிந்திருந்தது. குடிமராமத்து என்ற வார்த்தையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏரி வாய்க்காலைத் தூர்வாருவதும், புதர் வெட்டுவதும், கரையைப் பூசுவதும் ஊர்க்காரர்களின் பொறுப்பு. அதை ஒரு நாள் கூத்தாக அவர்கள் செய்யவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வரும் காலம் நெருங்கினால் மண்வெட்டி தானாகத் தோளில் ஏறும். ஏன் தெரியுமா? வாய்க்கால் தூர்ந்தால் தன் வயல் காயும்!

பிறகு வெள்ளைக்காரன் ஆட்சியில் இதற்குச் சட்டம் போட்டார்கள். 1858-ஆம் ஆண்டு வந்த சென்னைக் கட்டாய வேலைச் சட்டம் அது. மனம் வந்து செய்த வேலை சட்டத்துக்குப் பயந்து செய்யும் வேலை ஆயிற்று. பிறகு அதுவும் தேய்ந்தது. 2017-ஆம் ஆண்டு தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஏரிகளைச் சீர்செய்யும் திட்டம் கொண்டுவந்தது. பெயர் திரும்பி வந்துவிட்டது. பழைய பழக்கம் திரும்புவது அத்தனை சுலபம் அல்ல.

வெட்ட வெட்டத் துளிர்க்கும்

முதல் நாள் வேலையையாவது சரியாகச் செய்கிறோமா என்றால், அதுவும் இல்லை.

வேலிக்காத்தான் நம் நாட்டு மரம் அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து, 19-ஆம் நூற்றாண்டில், விறகுக்கு ஆகும் என்று கொண்டுவந்தார்கள். விறகுக்கு ஆனது உண்மை. இராமநாதபுரம் பக்கத்தில் இன்றும் அதைக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைகள் உண்டு. அவர்களுக்கு அது சோறு போடும் மரம்.

ஆனால், தோட்டத்துக்கு அது எமன். மேலே வெட்டினால் போதாது. வெட்டிய இடத்தில் ஒன்றுக்குப் பத்தாகக் கிளைக்கும். 2017-ஆம் ஆண்டு நீதிமன்ற உத்தரவின்பேரில் மாவட்டம் மாவட்டமாக அதை வெட்டினார்கள். அடியோடு பெயர்க்காமல் விட்ட கட்டைகள் பழையபடி துளிர்த்தன.

ஆகையால், சுற்றிலும் தோண்டி, வேர்க்கட்டையோடு பெயர்த்து எடுக்க வேண்டும். ஒரு மரத்துக்கு அரைநாள் ஆகும். ஆகட்டும்! பத்து மரத்தை மேலே வெட்டுவதைவிட இரண்டு மரத்தை வேரோடு எடுப்பது மேல். படத்தில் நன்றாக இராது. அவ்வளவுதான்.

மழை பெய்து மண் இளகிய சமயம் பார்த்து இறங்கினால் கடப்பாரைக்கு வேலை பாதி. முள்ளைக் கையால் இழுக்காதீர்கள். கவைக்கம்பு வைத்துத் தள்ளுங்கள். ஓரத்தில் தொடங்கி உள்ளே போங்கள். தடியால் தட்டிச் சத்தம் செய்துகொண்டே போனால் பாம்பு தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். செருப்பில்லாமல் யாரும் இறங்கவே கூடாது. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே பிடுங்க வேண்டும். கைக்கு உறை போட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் செடி பட்டால் சிலருக்கு உடம்பெல்லாம் அரிப்பு எடுக்கும்.

வெட்டியதைக் கொளுத்த வேண்டும் என்று சிலருக்குக் கை துறுதுறுக்கும். வேண்டாம். இலையும் தழையும் மட்கினால் எருவாகும். முள்ளை வேலியாகக் கட்டினால் ஆடு வராது.

இடம் யாருடையது?

புதர் மண்டிய இடம் என்றாலே, அது யாருக்கும் சொந்தம் இல்லாத இடம் என்று நினைக்கிறோம். தப்பு! எல்லா இடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பட்டாவாக இருக்கும். அல்லது புறம்போக்காக இருக்கும். புறம்போக்கு என்றாலும் அது ஊருடைய சொத்து.

ஊர்ப் பொது நிலத்தை யாரும் வளைக்கக் கூடாது. வளைத்தவர்களை அப்புறப்படுத்துங்கள் என்று 2011-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. நல்ல எண்ணத்தோடு கத்தரிச் செடி வைத்தாலும், கேட்காமல் வைத்தால் அதுவும் வளைப்பதுதான். இன்று கத்தரிச் செடி. நாளை அதற்கு ஒரு கொட்டகை. அப்புறம் கொட்டகைக்கு ஒரு பூட்டு. சாவி யாரிடம்? சண்டை!

இதற்கு வடலூரைவிட நல்ல பாடம் வேறு இல்லை.

வள்ளலார் தரும சாலை அமைக்க இடம் தேடியபோது, பார்வதிபுரம் கிராமத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். ஒரு காணி என்பது சுமார் 1.32 ஏக்கர். அப்படியானால், 106 ஏக்கர்! பெரிய ஜமீன்தாரோ ராஜாவோ கொடுத்தது அல்ல. ஏர் ஓட்டிய குடும்பங்கள் கொடுத்தது. இன்றும் அந்த இடத்துக்குப் பெருவெளி என்று பெயர். 1872-ஆம் ஆண்டு ஜனவரியில் சத்திய ஞான சபை அங்கே திறக்கப்பட்டது. தைப்பூசத்தன்று ஜோதி பார்க்க வரும் கூட்டத்தைத் தாங்குவது அந்த வெளிதான்.

2024-ஆம் ஆண்டு அங்கே வள்ளலார் சர்வதேச மையம் கட்ட அடிக்கல் நாட்டினார்கள். வரும் மக்களுக்கு வசதி வேண்டும் என்றது அரசாங்கம். பார்வதிபுரம் மக்கள் எதிர்த்தார்கள். "எங்கள் பாட்டன் பூட்டன் கொடுத்த வெளி வெளியாகவே இருக்கட்டும்" என்பது அவர்கள் கட்சி. தோண்டிய குழிக்குள் இறங்கிப் போராடினார்கள். விவகாரம் ஐகோர்ட்டு வரை போயிற்று.

யார் கட்சி சரி என்பதைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளும். ஒன்று மட்டும் தெரிகிறது. நிலம் கொடுத்து 150 ஆண்டுகள் ஆனாலும், கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது மறக்கவில்லை! அவர்களைக் கேட்காமல் அங்கே யார் கடப்பாரை போட்டாலும் அவர்கள் நெஞ்சில் போட்ட மாதிரிதான்.

(பெருவெளியில் கத்தரிக்காய் போடச் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்த வெளி அப்படியே இருக்கட்டும். வடலூர் 2021-ஆம் ஆண்டு நகராட்சி ஆகிவிட்டது. நகராட்சியிலே கேட்டால் வேறு மூலை கிடைக்காமலா போகும்?)

ஆகவே, அரிவாளை எடுக்கும் முன் பேனாவை எடுங்கள். நகராட்சியோ பஞ்சாயத்தோ, யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எத்தனை வருஷத்துக்கு என்று அதிலே இருக்கட்டும். தனியார் இடம் என்றால், "கேட்கும்போது திருப்பித் தருகிறோம், நட்டதை அறுத்துக்கொள்ள மட்டும் நாள் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

மண்ணை இழந்தவர்கள்

இந்த வட்டாரத்தில் நிலம் என்றாலே நெஞ்சு படபடக்கும். காரணம் இருக்கிறது.

வடலூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் நெய்வேலி. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது மண்ணோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி! 1956-ஆம் ஆண்டு கம்பெனி ஏற்பட்டது. 1957-ஆம் ஆண்டு மே மாதம் பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஊருக்கெல்லாம் வெளிச்சம் வந்தது.

ஆனால், நிலக்கரி கீழே இருக்கிறது. மேலே கிராமம் இருக்கிறது. வயல் இருக்கிறது. முந்திரித் தோப்பு இருக்கிறது. கீழே இருப்பதை எடுக்க, மேலே இருப்பது போக வேண்டும். அப்படிப் போன கிராமங்கள் பல.

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வளையமாதேவியில் நடந்ததை நாடே பார்த்தது. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, கதிர் வரப்போகும் நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது கம்பெனி. சட்டம் எப்படியோ போகட்டும். பச்சைப் பயிர்மேல் சக்கரம் ஏறியதைப் பார்த்து வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களே கண் கலங்கினார்கள்.

இப்படிப்பட்ட வட்டாரத்திலே போய், "வாருங்கள், ஐந்து சென்டில் தோட்டம் போடலாம்" என்றால் கேட்பவர்கள் சிரிக்கமாட்டார்களா? ஐந்து ஏக்கர் இழந்தவனுக்கு ஐந்து சென்ட் எந்த மூலைக்கு?

நியாயமான கேள்வி. பொதுத் தோட்டம் எந்த விவசாயியின் நஷ்டத்தையும் ஈடு செய்யாது. அப்படிச் செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஈட்டுத் தொகையும் வேலையும் வேறு வழக்கு. அதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஆனால், இந்த மண்ணைப்பற்றி நெய்வேலி இன்னொன்றையும் காட்டியிருக்கிறது. சுரங்கத்தில் நிலக்கரி எடுத்த பள்ளத்தை, தோண்டிய மண்ணாலேயே நிரப்புகிறார்கள். அந்த மண் செத்த மண். அடி மண் மேலே, மேல் மண் கீழே. அதிலே புல்கூட உடனே முளைக்காது. எருவும் தழையும் போட்டுப் போட்டு, ஆண்டுக் கணக்கில் பாடுபட்டு மரம் வளர்த்திருக்கிறார்கள். பயிரும் செய்து பார்த்திருக்கிறார்கள். செத்த மண்ணுக்கே உயிர் வரும் என்றால், புதர் மண்டிய நல்ல செம்மண்ணுக்கு என்ன குறை? இதிலும் ரகசியம் அதே எட்டாம் நாள்தான். எரு ஒரு தடவை போட்டால் போதாது.

மேல்நாட்டான் செய்த ஒரு விதி

இங்கிலாந்தில் இந்தக் காரியத்துக்குச் சட்டமே இருக்கிறது. 1908-ஆம் ஆண்டுச் சட்டம். தோட்டம் போட இடம் கேட்டு ஊர்மக்கள் மனு செய்தால், உள்ளூர் சபை இடம் ஒதுக்க வேண்டும். வழக்கமான அளவு சுமார் 250 சதுர மீட்டர். நம் கணக்கில் 6 சென்ட். வருஷத்துக்குச் சிறு வாடகை.

இரண்டாவது உலக யுத்தத்தில் கப்பல்கள் மூழ்கி உணவு வருவது குறைந்தது. அப்போது இந்தத் துண்டு நிலங்கள்தான் கை கொடுத்தன. லண்டன் கோட்டை அகழியில்கூடக் காய்கறி போட்டார்கள்!

அங்கே ஒரு விதி இருக்கிறது. துண்டை எடுத்துக்கொண்டு பயிர் செய்யாமல் புதராக விட்டால், நோட்டீசு வரும். அப்புறமும் விட்டால், இடம் வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். முகதாட்சணியம் கிடையாது.

நமக்குத் தாட்சணியம் அதிகம். "அவர் வெட்டின இடம், எப்படிக் கேட்பது?" என்று இழுப்போம். வெட்டினவருக்கு மாலை போடுங்கள். இடத்தைத் தண்ணீர் ஊற்றுகிறவருக்குக் கொடுங்கள்!

யார் சாப்பிடுவது?

எல்லாவற்றையும் தானம் செய்துவிட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். கேட்க இனிக்கும். நடக்காது.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1998-ஆம் ஆண்டு தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தில் பெண்கள் குழுக் குழுவாகச் சேர்ந்து, தரிசாகக் கிடந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல்லும் வாழையும் காய்கறியும் விளைவிக்கிறார்கள். விளைச்சல் அவர்களுடையது. விற்றாலும் அவர்களுக்கே. அதனால்தான் இரண்டாம் வருஷமும் மூன்றாம் வருஷமும் மண்வெட்டி பிடிக்கிறார்கள்.

பொதுத் தோட்டத்திலும் உழைத்தவர் வீட்டுக்கு ஒரு கட்டுக் கீரை போக வேண்டும். மிச்சம் பள்ளிக்கூடச் சத்துணவுக்குப் போகட்டும். தரும சாலைக்குப் போகட்டும். கீரை கொண்டு போனால் அங்கே வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதர் வெட்டும் நாளில் ஆண்கள் கூட்டம் அலை மோதும். தண்ணீர் ஊற்றும் நாள் வந்ததும் அது பெண்கள் தலையில் விழும். வீட்டிலே ஏற்கெனவே குடம் சுமக்கிறவர்கள் அவர்கள்தானே? முறை போடும்போது ஆண் பெயரும் பெண் பெயரும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். மகனுக்கு முறை வந்த நாளில் அம்மா போய் ஊற்றிவிட்டு வந்தால், அது கணக்கில் சேரக் கூடாது.

ஆடிக்குள் ஆரம்பிக்கலாம்

பெரிதாக ஆசைப்படாதீர்கள். ஐந்து சென்ட் போதும். ஐந்து சென்டைக் காப்பாற்றிய பிறகு ஆறாவது சென்டைப் பார்க்கலாம். முதலில் தண்ணீர் எங்கே என்று பாருங்கள். குழாயோ கிணறோ பக்கத்தில் இல்லாத இடமாக இருந்தால், எத்தனை அழகான இடமானாலும் விட்டுவிடுங்கள்.

வைகாசி, ஆனியில் பெய்யும் மழையில் வேரைப் பெயர்த்துவிட்டால், ஆடிப் பட்டத்துக்கு மண் தயார். முதலில் சிறுகீரை போடுங்கள். 25 நாளில் பிடுங்கலாம். ஒரு மாதத்துக்குள் கையில் ஏதாவது வந்துவிட்டால் வாலிபர்களுக்கு உற்சாகம் குறையாது. அதற்குள் வெண்டை தலை தூக்கும். ஓரத்தில் முருங்கையும் அகத்தியும் நிற்கட்டும்.

எந்த விதை, எந்த மண் என்று கேட்க வெகுதூரம் போக வேண்டாம். பண்ருட்டிப் பக்கம் பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் 1905-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. பாலூர் கத்தரி என்று ஊர்ப் பெயரிலேயே ரகம் உண்டு. போய்க் கேட்டால் சொல்வார்கள்.

முதல் நாள் வேலை முடிந்ததும் எல்லோரும் களைத்து உட்கார்ந்திருப்பார்கள். படம் பிடித்துக் கலையும் முன்பு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். திங்கட்கிழமை யார், செவ்வாய்க்கிழமை யார் என்று ஏழு பெயர்களை எழுதுங்கள். அவர்கள் எதிரிலேயே எழுதுங்கள். வாளியும் கயிறும் யார் வீட்டில் இருக்கும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.